தாதியின் கைப்புண்ணும் ரப்பர்க் கையுறையும்

மருத்துவமனைக்குள் சென்று வந்தவர் எவரும் தாதியரின் கையுறையைக் காணாமல் திரும்பியிருக்க மாட்டார். ஊசி போட ஒன்று, புண்ணைத் துடைத்துக் கட்ட ஒன்று என்று மாற்றி மாற்றி அணிந்து, வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நோயாளியைக் கிருமியினின்று காப்பதற்கென்றே இக்கையுறை தோன்றியது என்று நம்மிற் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அறுவை மண்டபத்தில் நிலைபெற்ற முதல் ரப்பர்க் கையுறை, ஒரு தாதியின் கைகளில் தோன்றிய கரப்பானைத் தடுப்பதற்காகச் செய்விக்கப்பட்டது. நோயாளியைப் பற்றிய எண்ணம் சில ஆண்டுகள் கழித்தே அதனுடன் வந்து சேர்ந்தது.

இதனை ஒரு வேடிக்கைத் துணுக்காகப் படித்துவிட்டு அப்பாற் செல்வோர் உண்டு. ஆனால், தொண்டு செய்கிறவரின் கைத்தோலும் தொண்டு பெறுகிறவரின் உயிரும் ஒரே முடிச்சிற் கட்டுண்டவை என்னும் உண்மை அத்துணுக்கினுள் அடங்கிக் கிடக்கிறது. கையைக் கழுவு என்று முதலில் வற்புறுத்தப்பட்ட நாள்தொட்டு, கழுவுகிற கை என்ன ஆகிறது என்று முறையாக ஆராயப்பட்ட நாள்வரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது. அந்த இடைக்காலத்தின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகிறேன்.

வியன்னாவில் ஒரு வட்டில்

1846-ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்பார். ஹங்கேரி நாட்டினர், அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தெட்டு. அம்மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதற்பகுதியில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகள் பயின்றனர். கர்ப்பிணிகளை இப்பகுதிக்கு ஒரு நாள், அப்பகுதிக்கு ஒரு நாள் என்று முறைவைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே இரு பகுதிக்கும் வந்த தாய்மாரிடையே ஏழை பணக்காரர் என்றோ, வலியவர் மெலியவர் என்றோ வேற்றுமை இருக்க வழியில்லை. ஆயினும், 1846-இல் முதற்பகுதியில் 4,010 பேறுகளுக்கு 459 தாய்மார் மாண்டனர். இரண்டாம் பகுதியில் 3,754 பேறுகளுக்கு மாண்டவர் 105 பேர். காரணம் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல். நகரத்துப் பெண்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். முதற்பகுதியில் சேர்க்கப்படும் நாளென்று தெரிந்தால், இரண்டாம் பகுதியில் இடந் தருமாறு மன்றாடி அழுதார்கள். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களுக்குக்கூட இக்காய்ச்சல் குறைவாகவே வந்தது. தெருவைவிட மருத்துவமனை கொடிதாய் இருந்தது!

விடை ஒரு நண்பரின் சாவிலிருந்து கிடைத்தது. 1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், யாக்கோப் கொல்லெட்ச்கா என்ற பேராசிரியர் பிணத்தை அறுத்து ஆராய்ந்துகொண்டிருக்கையில், மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலிற் பட்டுவிட்டது. சின்னாட்களில் அவர் இறந்தார். அவருடைய உடலில் காணப்பட்ட மாறுதல்கள் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலிற் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. முதற்பகுதி மாணவர்கள் காலையிற் பிணத்தை அறுத்துவிட்டு, அதே கையுடன் தாய்மாரைச் சோதிக்க வந்தனர். மருத்துவச்சிகளோ பிணத்தைத் தொடுவதில்லை. செம்மல்வைசுக்குப் பொறி தட்டியது. சவுக்காரத்தாற் கழுவிய பின்னும் கையில் பிணவாடை எஞ்சி நிற்பதை அவர் கவனித்திருந்தார். ஆகவே அந்த வாடையையும் போக்கவல்ல குளோரின் நீரைத் தேர்ந்தெடுத்தார். அது விலை மிக்கதாகையால், பின்னர்க் குளோரின் ஏற்றிய சுண்ணாம்பைக் கரைத்து ஒரு வட்டிலில் வைத்து, கை கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடலாகாது என்று விதித்தார். 1847 மே மாதத்தில் இவ்விதி வந்தது. அதற்கு முந்திய ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூன் மாதம் நூற்றுக்கு இரண்டளவில் இறங்கிற்று. 1848-இல் முதற்பகுதியின் 3,556 பேறுகளில் இறந்தவர் 45 பேர் மட்டுமே.

இதற்குப் பின் செம்மல்வைஸ் பட்ட பாடும், மூத்த மருத்துவர்கள் அவரை ஏற்க மறுத்ததும், 1865-இல் மனநோய் விடுதி ஒன்றில் குருதி நஞ்சேறி அவர் இறந்ததும் பலரும் அறிந்தவை. அவருக்கு முன்பே ஸ்காத்லாந்தில் அபெர்டீன் நகரத்து அலெக்சாந்தர் கார்டன் 1795-இலும், அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843-இலும் இக்காய்ச்சலை மருத்துவரும் மருத்துவச்சியுமே கொண்டு செல்கிறார்கள் என்று எழுதியிருந்தனர். அவர்களையும் உலகம் மதிக்கவில்லை.

செம்மல்வைசைப் பற்றி எழுதுவோர் பலர் அந்த வட்டிலோடு நின்றுவிடுகிறார்கள். அதில் கையை விட்டவர்களின் கை என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு என்பது நம் வீடுகளிலும் குடிநீர்க் கிணறுகளிலும் பயன்பட்டுவந்த வெளுப்புத்தூள்தான். அதனைக் கரைத்துக் கையாண்டவர்களுக்குத் தெரியும், விரல் நுனி முதலில் வழுவழுக்கும், பிறகு காய்ந்து சுருங்கும், நாளடைவில் வெடிக்கும். காரமுள்ள அக்கரைசல் தோலின் இயற்கையான கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. நோயாளியைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் அதிற் கையை நனைப்பவருக்குத் தோல் எத்தனை நாள் தாங்கும்?

செம்மல்வைஸ் இறந்த அதே 1865-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், எலும்பு முறிந்து தோலைக் கிழித்த ஒரு சிறுவனின் காலுக்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டுப் போட்டார். புண் சீழ்பிடிக்காமல் ஆறிற்று. 1867-இல் அவர் தம் முறையை உலகிற்கு அறிவித்தார். அதன்பின் அறுவை செய்வோரின் கை, கருவி, கட்டுத்துணி, ஒரு காலத்தில் அறையின் காற்றுங்கூடக் கார்பாலிக் அமிலத்தில் நனைந்தன. கிருமி மாண்டது; உடன் மருத்துவரின் தோலும் வெளுத்து, மரத்து, வெடித்தது. இதனைத் தொழிலின் கூலி என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டார்கள்.

பால்டிமோரில் ஒரு குளிர்காலம்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. அதன் அறுவைத் துறைத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட். கருவிகளை எடுத்துத் தரும் தலைமைத் தாதியாக அமர்ந்தவர் தென் கரோலினாவைச் சேர்ந்த கரோலின் ஹாம்ப்டன் என்னும் பெண்மணி. அங்கே கார்பாலிக் அமிலத்தோடு, பாதரசக் குளோரைடு என்ற உப்பை ஆயிரத்துக்கு ஒரு பங்கு கரைத்த நீரும் கிருமிநாசினியாகப் பயன்பட்டது. நம் சித்த மருத்துவர்கள் 'வீரம்' என்று வழங்கும் கடுநஞ்சுப் பொருளே இது. நஞ்சு முறித்து எடுக்காமல் வீரத்தைத் தொடுவதற்கே நம் முன்னோர் அஞ்சினர். கரோலின் ஹாம்ப்டனோ நாள்தோறும் அக்கரைசலில் கைகளை முழங்கைவரை தோய்க்கவேண்டியவராக இருந்தார்.

1889-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1890-இன் தொடக்கத்திலுமான அக்குளிர்காலத்தில் அவருடைய கைகளும் முன்கைகளும் சிவந்து தடித்துக் கரப்பான் கண்டன. வேலையை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலை வந்தது. ஹால்ஸ்டெட் இதனைப் பற்றி எண்ணிப் பார்த்ததற்குத் தாமே ஒரு காரணம் எழுதிவைத்திருக்கிறார். அப்பெண்மணி வேலையில் மிகுந்த திறமைசாலியாக இருந்ததாலேயே அதனைச் சிந்தித்தாராம். நியூயார்க்கிலுள்ள குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம், சோதனையாக இரண்டு சோடி மெல்லிய கையுறைகளை, முன்கையையும் மறைக்கும் நீளத்தில், செய்து தருமாறு கேட்டார். அவை நன்கு பயன்படவே, மேலும் சில சோடிகள் வரவழைக்கப்பட்டன.

1890 ஜூன் மாதத்தில் ஹால்ஸ்டெட்டும் கரோலினும் மணந்துகொண்டார்கள். மணமானதும் அவர் தாதிப் பணியினின்று விலகிவிட்டார். இதனால் மேனாட்டார் இந்நிகழ்ச்சியை ஒரு காதற் கதையாக்கி, கையுறையைக் காதலன் தந்த பரிசு என்று சுவைபட எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காதல் இருந்திருக்கலாம், இருந்தது. ஆனால் அதையே பெரிதாகப் பேசினால், பின்னே நிற்கும் தொழில்நோய் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. அதே மருந்து நீரில் கை நனைத்த மற்றத் தாதியர் உலகெங்கும் இருந்தார்கள். அவர்களுக்காக எவரும் ரப்பர் நிறுவனத்தாரைக் கேட்கவில்லை. திறமைசாலியின் கை என்பதாலும், வேண்டியவரின் கை என்பதாலும் ஒருவர் கை காக்கப்பட்டது. அதனின்று உலகம் பயன்பெற்றது. அவ்வளவே.

இதைவிட வியப்பானது பின்னர் நடந்தது. தாதி அணிந்ததைக் கண்டு, கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளர்களும் கையைக் காத்துக்கொள்ள அணியலாயினர். நாட்பட நாட்பட அதிலேயே பழகிவிட்டபடியால், வெறுங்கையைவிடக் கையுறையுடனேயே தமக்கு வேலை நன்றாக ஓடுகிறது என்றார்கள். அவர்கள் அறுவை மருத்துவர்களாக உயர்ந்தபோது அவ்வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். அவர்களுள் ஜோசப் பிளட்குட் என்பவர் அறுவை செய்யுங்காலும் தவறாது கையுறை அணிந்தார். குடலிறக்கத்துக்காகச் செய்த நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட அறுவைகளின் விளைவுகளை 1899-இல் அவர் வெளியிட்டார். கையுறை வழக்கமான பிறகு புண் சீழ்பிடிப்பது மிகப் பெரிய அளவில் குறைந்திருந்தது அதிலிருந்து விளங்கிற்று. ஹால்ஸ்டெட்டோ அதற்கு முன் நான்கைந்து ஆண்டுகள், தாம் அறுவை செய்யும்போது எப்போதாவதுதான் கையுறை அணிந்தார். அவ்வளவு காலம் அதன் இன்றியமையாமை புலப்படாமல் எப்படிக் குருடாக இருந்தோம் என்று 1913-இல் வியந்து எழுதினார். கையுறை அறுவை மேசைக்கு மேலேயே இருந்தது. தாதியின் கைக்கு நலஞ் செய்யும் பொருள் நோயாளிக்கும் நலஞ் செய்யும் என்ற எண்ணம் மட்டும் அவர்கள் உள்ளத்தில் எழவில்லை.

ரப்பர் வந்த வழி

கரோலின் ஹாம்ப்டன் அணிந்த கையுறை எந்த மரத்தின் பாலால் ஆனது என்று நாம் கேட்பது இயல்பு. அன்று உலகச் சந்தைக்கு வந்த ரப்பர் பெரும்பாலும் காட்டு மரங்களினின்று, சிறப்பாகப் பிரேசிலின் அமேசான் காடுகளிலிருந்து வந்தது. அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் உருகாமலும் குளிரில் உடையாமலும் நிலைக்கும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டிருந்தார். நம் நாட்டுத் தோட்டங்கள் அப்பொழுது பிறக்கவில்லை. ஹென்றி விக்கம் 1876-இல் அமேசானிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளில் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. அவ்வழி வந்த இருபத்திரண்டு கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. சில கோலக்கங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பால்வெட்டும் முறையை வகுத்தார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பால்டிமோரில் கையுறை அறுவை மருத்துவரின் கைக்கு ஏறியதும், மலாயாவில் ரப்பர் மரம் வரிசை பிடித்ததும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தன. முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அந்த மரங்களை வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழர் கைகள் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பாலை உறையவைக்கும் அமிலம் பட்டு விரலிடுக்கு வெந்து வெளுத்த பெற்றோர், பிள்ளையைச் சேர்க்க வந்து படிவத்திற் பெயரெழுதும்போது எழுதுகோலைப் பிடிக்கத் தடுமாறியதை நான் கண்டதுண்டு. உலகத்தின் கைகளுக்கு உறை தந்த தொழிலில் வேலை செய்தவர்க்கு உறை இல்லை.

நெடுங்காலம் கையுறை விலை மிக்க பொருளாக இருந்தது. தாதியர் அதனைக் கழுவி, ஓட்டை பார்த்து, ஒட்டுப் போட்டு, மாவு தூவி, ஆவியில் வேகவைத்து மறுபடியும் பயன்படுத்தினர். ஒருமுறை அணிந்து எறியும் கையுறையை ஆஸ்திரேலியாவின் ஆன்செல் நிறுவனம் 1964-இல் செய்யத் தொடங்கியது. அதன் பின்னரே இவ்வேலை படிப்படியாக ஒழிந்தது.

புண்பட்ட தோலின் இயல்பு

இதற்கிடையே அறிவியல் வேறொரு பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. 1938-இல் பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர், தம் கையையே திரும்பத் திரும்பக் கழுவி, கழுவிய நீரில் கிருமிகளை எண்ணிப் பார்த்தார். கையில் வாழும் கிருமிகள் இருவகை என்று கண்டார். தோலில் நிலையாகக் குடியிருப்பவை ஒருவகை. அவை பெரும்பாலும் தீங்கற்றவை. பிறரையும் பிற பொருளையும் தொட்டதனால் வந்து ஒட்டிக்கொள்பவை மற்றொரு வகை. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் போவன பெரும்பாலும் இவையே. வழிப்போக்கர்களாகிய இவற்றைக் கழுவி நீக்குவது எளிது. ஆனால் அவ்வெளிமை தோல் செம்மையாக இருக்கும்வரைதான்.

மேற்றோலின் மேற்படலத்தைச் செங்கற் சுவருக்கு ஒப்பிடுவார்கள். உலர்ந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றின் இடையிலுள்ள கொழுப்பு சுண்ணச்சாந்து. சவுக்காரமும் சுடுநீரும் அச்சாந்தைக் கரைக்கின்றன. ஓரிருமுறை கரைந்தால் தோல் தானே பூசிக்கொள்ளும். நாளைக்கு முப்பது நாற்பது முறை கழுவினால் பூச்சு வேலைக்கு நேரமில்லை. தோல் வறண்டு, சிவந்து, செதிலுதிர்ந்து, வெடிக்கும். இதுவே மருத்துவப் பணியாளரிடையே மிகுதியாகக் காணும் கைக்கரப்பான். இது ஒவ்வாமை அன்று, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அன்று, தேய்மானம். வெடித்த இடங்களிற் கிருமிகள் தங்குவதற்கு இடுக்குக் கிடைக்கிறது, கழுவினாலும் போவதில்லை. எலெயின் லார்சன் என்ற அமெரிக்கத் தாதியல் அறிஞரும் உடனுழைத்தோரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தோல் கெட்ட தாதியரின் கைகளில் பொன்னிறக் கொத்துக்கிருமி முதலிய தீய கிருமிகள் கூடுதலாகக் குடியேறியிருக்கக் கண்டார்கள். நோயாளியைக் காக்கவென்று கழுவிக் கழுவிக் கெட்ட கையே நோயாளிக்குக் கிருமி கொண்டு செல்லும் கையாகிவிடுகிறது. மேலும் எரிகிற கையை எவரும் மனமுவந்து கழுவுவதில்லை. மேற்பார்வையாளர் கண்ணுக்கு முன் கழுவுவார். அவர் அப்பாற் சென்றால் விட்டுவிடுவார். இதனைச் சோம்பல் என்று குற்றஞ் சாட்டிவந்தோர் கையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

மருந்தே நோயான கதை

1980-களில் எய்ட்ஸ் நோய் தோன்றிற்று. எவருடைய குருதியிலும் நோயணு இருக்கக்கூடும் என்று கொண்டு நடக்கவேண்டுமென அமெரிக்க நோய்த்தடுப்பு நடுவம் 1987-இல் விரிவாக அறிவுறுத்தியது. அறுவை மண்டபத்தோடு நின்ற கையுறை நோயாளிக் கூடங்களுக்கெல்லாம் பரவிற்று. மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நம் நாடு உலகின் முதன்மையான கையுறை ஏற்றுமதி நாடாயிற்று. அப்பொழுதுதான் எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. ரப்பர்ப் பாலில் இயற்கையாகவே உள்ள புரதங்கள் சிலருடைய உடலுக்கு ஒவ்வாதவை. கையுறை அணிந்தவுடன் தடிப்பு, அரிப்பு, தும்மல், மூச்சுத்திணறல், அரிதாக உயிருக்கே ஆபத்து. இவ்வகை ஒவ்வாமை ஒன்றை ஆங்கில மருத்துவ இதழ் 1979-இல் வெளியிட்டிருந்தது. 1997-இல் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கை, மருத்துவப் பணியாளரில் நூற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர் ரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை கொண்டுவிட்டனர் என்று கூறிற்று.

இதில் பெருங்குற்றவாளி மாவுதான். கை எளிதில் நுழைவதற்காகக் கையுறைக்குள் தூவிய சோளமாவு, ரப்பர்ப் புரதத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு காற்றில் மிதந்தது. கையுறை அணியாதவரும் அதனைச் சுவாசித்தனர். வெடித்த தோல் வழியாகவும் புரதம் உட்புகுந்தது. ஆகவே வறண்ட கைக்கரப்பான் உடையவருக்கே இவ்வொவ்வாமை எளிதில் வந்தது. ஒரு நோய் மற்றொரு நோய்க்குக் கதவு திறந்துவிட்டது. ஜெர்மனி 1998-இலேயே மாவிட்ட ரப்பர்ப்பால் கையுறையை மருத்துவமனைகளிலிருந்து விலக்கியது. புதிதாக ஒவ்வாமை கண்டோர் தொகை அடுத்துவந்த ஆண்டுகளிற் பெரிதும் இறங்கிற்று. அமெரிக்க அரசின் தடை 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவிலுள்ள பத்தொன்பது ஆண்டுக் காலதாமதத்துக்குத் தக்க விளக்கம் எதனையும் நான் கண்டதில்லை.

நம் நாட்டுத் தொழிலும் மாறிற்று. புரதம் குறைந்த, மாவில்லாக் கையுறைகள் செய்யப்பட்டன. பின்னர் நைட்ரில் என்னும் செயற்கை ரப்பர் மேலோங்கியது. அதில் மரத்தின் புரதம் இல்லை. அதனால் மூச்சுத்திணறும் ஒவ்வாமை பெரும்பாலும் ஒழிந்தது. பால்மரத்தை நம்பி வாழ்ந்தவருக்கு இது மகிழ்ச்சியான செய்தி அன்று. ஆயினும் தாதியின் மூச்சைவிடப் பால்விலை பெரிதென்று நம்மில் யாரும் வாதிட மாட்டோம்.

ஜெனீவாவில்

அடுத்த பெருந்திருப்பம் சுவிட்சர்லாந்தில் ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நிகழ்ந்தது. அங்கே திதியே பித்தே என்ற மருத்துவர், பணியாளர் ஏன் கை கழுவுவதில்லை என்பதை அருகில் நின்று கணக்கெடுக்கச் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதி ஒரு மணிக்கு இருபது முறைக்குமேல் கையைத் துப்புரவு செய்யவேண்டியிருந்தது. குழாய்க்கு நடந்து, கழுவி, துடைத்துத் திரும்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். கணக்குப் போட்டால், விதிப்படி நடக்கும் தாதிக்கு நோயாளியைக் கவனிக்க நேரமிராது! கையும் தாங்காது. குற்றம் தாதியிடம் இல்லை, விதியிடம் இருந்தது.

ஆகவே கட்டிலுக்கருகிலேயே எரிசாராயத் திரவம் வைக்கப்பட்டது. வில்லியம் கிரிஃபித்ஸ் என்ற மருந்தாளர் முன்னரே ஆக்கி வைத்திருந்த கலவை அது. இம்முயற்சியின் விளைவைப் பித்தே குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கைத்துப்புரவு 1994-இல் நூற்றுக்கு 48 ஆக இருந்தது, 1997-இல் 66 ஆக உயர்ந்தது. மருத்துவமனையிலேயே தொற்றிய நோய்கள் நூற்றுக்கு 16.9-இலிருந்து 9.9 ஆகக் குறைந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 2005-இல் இதனை உலக இயக்கமாக்கியது. 2009 முதல் ஆண்டுதோறும் மே மாதம் ஐந்தாம் நாள் கைத்துப்புரவு நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், இரு கைகளின் ஐந்து ஐந்து விரல்களைக் குறிப்பதாம்.

இத்திரவத்தின் நுட்பம் சாராயத்தில் மட்டும் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் சேர்மானத்தில் சாராயத்தோடு நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கிளிசரின் உண்டு. அது தோலின் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. சவுக்காரம் கொழுப்பைக் கரைத்து நீரோடு கொண்டுபோய்விடும். கையில் தேய்த்த சாராயமோ ஆவியாகிவிடுகிறது. கரைந்த கொழுப்பிற் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே சாராயத் திரவம் சவுக்காரத்தைவிடத் தோலுக்குத் தீங்கு குறைந்தது. இது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது.

ஆனால் பணியாளர் பலர் இதற்கு நேர்மாறாக நம்புகின்றனர். ஏன் என்று பார்ப்போம். சவுக்காரத்தால் முன்பே வெடித்த கையில் சாராயம் பட்டால் சுரீரென்று எரியும். எரிவதால், சாராயமே தோலைக் கெடுக்கிறது என்று முடிவுசெய்து, எரியாத சவுக்காரத்துக்குத் திரும்புகிறார்கள். வெடிப்பு மிகுகிறது. அடுத்த முறை சாராயம் இன்னும் எரிகிறது. வகுப்பறையில் காரண காரியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எரிச்சலை உணர்த்தியதும் எரிச்சலை உண்டாக்கியதும் வேறு வேறு.

இவை அனைத்தும் 2020-இல் கொரோனா காலத்தில் ஒருங்கே வெளிப்பட்டன. சீனாவின் ஹூபேய் மாநிலத்தில் நோயாளிகளைக் கவனித்த 542 மருத்துவப் பணியாளரை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 97 பேருக்குத் தோல் ஏதேனும் ஓரிடத்திற் கெட்டிருந்தது. நூற்றுக்கு 74 பேருக்கு மேல் கையிலே கெட்டிருந்தது. நாளைக்குப் பத்து முறைக்குமேல் கை கழுவியோர்க்குத் தீங்கு மிகுதி. அதே ஆண்டில் உலகம் முழுவதும் மலேசியக் கையுறைக்குக் காத்துக் கிடந்தது. அக்கையுறையைச் செய்த அயல்நாட்டுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர், நெருக்கமான விடுதிகளில் அடைந்து கிடந்து, நவம்பர் மாதத்தில் கிள்ளான் வட்டாரத்தில் அந்நோயால் பீடிக்கப்பட்டனர் என்பதையும் இவ்வரலாற்றில் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

இனி, கைகாக்கும் வழிகள் இன்று எவ்வளவில் நிற்கின்றன என்பதைச் சுருங்கச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ குருதியோ பட்டால் சவுக்காரமும் தண்ணீரும்; மற்ற வேளைகளில் சாராயத் திரவம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளைச் சாராயம் கொல்லாது; அங்கே கழுவியே ஆகவேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வது வீண், தோலுக்குக் கேடு. சுடுநீர் வேண்டா. கையை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றித் துடைக்கவேண்டும். கை முழுதும் உலர்ந்த பின்னரே கையுறை மாட்டவேண்டும். ஈரக்கையில் மாட்டினால் உறைக்குள் தோல் ஊறி, நாள்முழுதும் நீரில் நின்றது போலாகிவிடும். மோதிரத்தின் அடியில் சவுக்காரமும் கிருமியும் தங்கும். கரப்பான் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வேலை தொடங்குமுன்னும், ஓய்விலும், வீடு திரும்பிய பின்னும் மணமூட்டாத பசைத்தைலம் பூசவேண்டும். ஆனால் பெட்ரோலிய வகைப் பசைகள் ரப்பர்ப்பால் கையுறையை நெகிழச் செய்துவிடுமாதலால், வேலை நேரத்தில் அவை ஆகா. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கக்கூடும். கழற்றும்போது கை அழுக்காவதும் உண்டு. எனவே கையுறை அணிந்தவருக்குக் கைத்துப்புரவினின்று விலக்கில்லை.

இவ்வளவும் செய்தும் கரப்பான் நீங்காதவர் சிலர் உண்டு. அவர்களிடம் ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் தையுரம் முதலிய விரைவூக்கிகளின் மேல் ஐயங்கொள்ள வேண்டும். நைட்ரிலிலும் இவை சேர்க்கப்படுகின்றன. இவற்றால் வரும் ஒவ்வாமை உடனே தெரிவதில்லை. ஓரிரு நாள் கழித்தே கையிற் சொறியும் கொப்புளமுமாக எழும். ஆகவே கையுறைக்கும் கரப்பானுக்கும் தொடர்பிருப்பது அணிந்தவருக்கே தோன்றாது. தோல் மருத்துவர் ஒவ்வொரு வேதிப்பொருளையும் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் வைத்திருந்து எடுத்து, பின் மறுபடியும் சில நாள் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார். அவ்வாறு அறியப்பட்டோருக்காக விரைவூக்கி சேர்க்காத கையுறைகள் இப்பொழுது நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலேயே வார்க்கப்படுகின்றன. சாதாரணக் கையுறையைவிட அவற்றின் விலை கூடுதல். ஆகவே அவை பண்டகசாலையில் எல்லார்க்கும் எடுத்து வைக்கப்படுவதில்லை; தேவைப்படும் தாதி, தம் கையைக் காட்டி, கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது.